உள்ளங்கை அகலத்தில் ஒரு நிலம்: ஓவியர் ரெம்பிராண்ட்

ஓவியக் கலையில் நாட்டமுடையோருள் ரெம்பிராண்ட் என்னும் பெயரை அறியாதார் அரியர். ஆயினும் அவர் செப்புத் தகட்டில் கீறிய சிறு நிலக்காட்சிகளைக் கண்டு மகிழ்ந்தோர் சிலரே.

நெதர்லாந்தின் லைடன் நகரில், காற்றாலை நடத்திய ஒருவரின் மகனாக 1606ஆம் ஆண்டு பிறந்த ரெம்பிராண்ட், இளமையிலேயே ஆம்ஸ்டர்டாம் சென்று பெரும்புகழ் எய்தினார். 1634இல் சாஸ்கியா என்னும் நங்கையை மணந்தார். பிறந்த மக்கள் நால்வருள் மூவர் பச்சிளம் பருவத்திலேயே மறைந்தனர். ஏறத்தாழ 12 அடி உயரமும் 14 அடி அகலமும் உடைய ‘இரவுக் காவல்’ ஓவியத்தை அவர் நிறைவு செய்தது 1642இல். அருமை மனைவியை இழந்ததும் அவ்வாண்டிலேயே.

இத்துயரங்களுக்கு இடையில்தான் அவர் நகருக்குப் புறத்தே நடந்து, ஆம்ஸ்டெல் ஆற்றங்கரையையும் வயல்களையும் குடிசைகளையும் வரையலானார். மெழுகு கலந்த பூச்சிட்ட செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அதனை அமிலத்தில் இடுவர். கீறிய இடம் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அப்பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுப்பதே இக்கலை. ரெம்பிராண்ட் படைத்த ஏறத்தாழ 300 தகட்டோவியங்களுள் நிலக்காட்சிகள் முப்பதுக்கும் குறைவே.

1640ஐ ஒட்டி அவர் வரைந்த ஆம்ஸ்டர்டாம் காட்சி 11 செ.மீ. உயரமும் 15 செ.மீ. அகலமுமே உடையது. கோபுரங்களும் காற்றாலைகளும் அடிவானில் மெல்லிய கோடாக நிற்க, மேலே வானம் முழுதும் வெறுந்தாளே! தகட்டில் வரைவது அச்சில் இடவலம் மாறும். அவர் அதைப் பொருட்படுத்தாமையால் நகரம் மாறியே நிற்கிறது. 1643இல் தோன்றிய ‘மூன்று மரங்கள்’ சற்றே பெரிது. ஒருபுறம் சரிந்து பொழியும் மழை. மறுபுறம் ஒளியில் நிமிர்ந்த மரங்கள். நீரோரம் மீன் பிடிப்பவரையும், புதரிருளில் அமர்ந்த இருவரையும், மேட்டின்மேல் வரைந்துகொண்டிருக்கும் ஓவியர் ஒருவரையும் தாளைக் கண்ணருகே கொணர்ந்தால்தான் காணலாம். பேரோவியத்தை விலகி நின்று வியக்கிறோம். இவற்றையோ கையிலேந்தி நெருங்கி உறவாடுகிறோம்.

1652ஐ ஒட்டி இந்நிலக்காட்சி வரிசை நின்றது. 1656இல் கடன்சுமையால் நொடித்தார். வீடும் அரும்பொருள்களும் ஏலம் போயின. அக்காலத்தை ஒட்டியும் சிறுமைக்குள் பெருமை காணும் விழைவு அவரிடம் குன்றவில்லை. முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் தம் கையால் வரைந்த படங்கள் இருபதுக்கு மேல் எஞ்சியுள்ளன; அவற்றுள் பேரரசர் ஷாஜகானின் உருவமும் ஒன்று.

1668இல் எஞ்சிய மகன் டைட்டஸும் மறைந்தார். மறு ஆண்டு அக்டோபரில் ரெம்பிராண்ட் மறைந்து, பெயர் பொறிக்காத கல்லறையில் அடக்கம் செய்யப்பெற்றார். ஆயினும் அவர் நடந்த ஆற்றங்கரையும் வரப்பும் சிறு தாள்களில் இன்றும் வாழ்கின்றன. பெற்றவை பலவும் கைவிட்டுப் போன ஒருவர், அண்மையில் கிடந்த எளிய நிலத்தை அன்போடு உற்று நோக்கியதன் பயன் அது. கலை பயிலும் மாணவர்கள் அவரிடம் முதலில் கற்க வேண்டுவதும் அந்நோக்கையே ஆகும்.