72 நாளில் உலகைச் சுற்றிய நெல்லி பிளை: ஒரே ஒரு கைப்பையோடு கிளம்பியது எப்படி?

உலகத்தையே ஒரு ரவுண்டு சுத்திட்டு வரணும்னா எத்தனை பெட்டி வேணும்? 1889-ல் நியூயார்க்கைச் சேர்ந்த 25 வயது பெண் நிருபர் ஒருவர், ஒரே ஒரு கைப்பையோடு தனியாகக் கிளம்பினார். 72 நாளில் திரும்பியும் வந்தார். அவர்தான் நெல்லி பிளை. அந்தப் பை அவ்வளவு சின்னதாக இருந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

யார் இந்த நெல்லி பிளை?

1864-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். இயற்பெயர் எலிசபெத் ஜேன் காக்ரன். பிட்ஸ்பர்க் நாளிதழ் ஒன்றில் எழுதத் தொடங்கி, 1887-ல் நியூயார்க் வந்தார். மனநலம் பாதிக்கப்பட்டவர்போல நடித்து ஒரு காப்பகத்துக்குள் நுழைந்து, 10 நாள் தங்கி, உள்ளே நடந்த கொடுமைகளை 'வேர்ல்ட்' நாளிதழில் அம்பலப்படுத்தினார். நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது.

பெண்ணால் முடியாதா?

ஜூல்ஸ் வெர்ன் நாவலில் கதாநாயகன் 80 நாளில் உலகைச் சுற்றுவான். நிஜத்தில் அதைவிட சீக்கிரம் சுற்ற முடியுமா? 1888-ல் தூக்கம் வராத ஓர் இரவில் நெல்லிக்கு இந்த யோசனை வந்தது. வெறும் ஆசையோடு அவர் நிற்கவில்லை. கப்பல் கம்பெனி அலுவலகத்துக்கே போய், கால அட்டவணைகளை வாங்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். முடியும் என்று தெரிந்த பிறகுதான் அலுவலகத்தில் பேசினார்.

ஆனால் நிர்வாகம் மறுத்தது. பெண் என்றால் துணைக்கு ஒரு ஆள் வேணும், பெட்டி பெட்டியாகச் சாமான் வேணும், அவசரத்துக்குக் கப்பல் மாற முடியாது என்பது அவர்கள் வாதம். ஆணை அனுப்பினால், அதே நாளில் வேறொரு பத்திரிகைக்காகக் கிளம்பி அவரை முந்திக் காட்டுவேன் என்று நெல்லி பதிலடி கொடுத்தார்.

பையில் என்ன இருந்தது?

ஓராண்டு கழித்து, 1889 நவம்பரில் திடீர் அழைப்பு. நாளை மறுநாள் கிளம்ப முடியுமா என்று கேட்டார்கள். இந்த நிமிஷமே தயார் என்றார் நெல்லி. காலையில் தையல்காரரிடம் சொல்லி, அன்றே ஒரு கெட்டியான நீல நிற கவுன் தைத்து வாங்கினார். பயணம் முழுக்க அதே உடைதான்.

பையின் அகலம் 16 அங்குலம், உயரம் 7 அங்குலம். உள்ளே தொப்பி, உள்ளாடைகள், கைக்குட்டைகள், ஊசி நூல், பேனா, மை, காகிதம், ஒரு ஜாடி கோல்டு கிரீம். 200 பவுண்டு பணத்தில் தங்கக் காசுகளைச் சட்டைப்பையிலும், நோட்டுகளைக் கழுத்தில் தொங்கிய தோல்பையிலும் வைத்துக்கொண்டார். துப்பாக்கி எடுத்துக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார். சாமான் நிறைய வேணும் என்று சொன்னவர்களுக்கு அந்தப் பைதான் பதில்!

கொழும்பில் 5 நாள்

நவம்பர் 14-ம் தேதி கப்பல் கிளம்பியது. முதல் நாளே கடல் குமட்டல். இங்கிலாந்தில் இறங்கியவர், தூக்கத்தைத் தியாகம் செய்து பிரான்சின் அமியான் நகரில் ஜூல்ஸ் வெர்னைச் சந்தித்தார். பிறகு சூயஸ், ஏடன் வழியாகக் கொழும்பு. அங்கே இணைப்புக் கப்பல் தாமதமானதால் 5 நாள் காத்திருப்பு. எவ்வளவு திட்டமிட்டாலும் கப்பலை அவரால் விரட்ட முடியாதே! அந்த இடைவெளியில் கண்டிக்கும் போய்வந்தார்.

ஹாங்காங்கில் இன்னொரு அதிர்ச்சி. அதே நாளில் நியூயார்க்கிலிருந்து எதிர்த்திசையில் எலிசபெத் பிஸ்லேண்ட் என்ற பெண் எழுத்தாளரும் போட்டிக்குக் கிளம்பியிருப்பது அங்கேதான் தெரிந்தது. நெல்லி பதறவில்லை. தன் போட்டி காலத்தோடு மட்டும்தான் என்றார்.

1890 ஜனவரி 25 அன்று நெல்லி ஊர் திரும்பினார். மொத்தம் 72 நாள், 6 மணி, 11 நிமிடம். பிஸ்லேண்ட் அதற்குப் பிறகே வந்து சேர்ந்தார். அந்தச் சாதனை சில மாதங்களிலேயே முறியடிக்கப்பட்டது. 1922-ல் நிமோனியாவால் நெல்லி காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

பை கட்ட அவருக்கு ஒரு நாள் போதும். மனசு தயாராகி ஓராண்டு ஆகியிருந்தது. அந்தச் சின்னப் பையில்கூட சாமான் அதிகம், வழியில் எல்லாமே வாங்கிக்கலாம் என்பதுதான் திரும்பி வந்த நெல்லியின் அனுபவம். அதிகம் இம்சை கொடுத்தது எது தெரியுமா? அந்த கோல்டு கிரீம் ஜாடிதான்!