ஆறு புள்ளிகளின் லூயி பிறெயில்

பாடசாலை நாட்களில் ஹெலன் கெல்லரின் கதையை நாங்கள் எல்லோரும் படித்தோம். அவர் விரலால் வாசித்தார் என்று தெரியும். அந்த எழுத்தை ஆக்கியவர் யார் என்று ஒருவரும் எழுந்து கேட்டதில்லை.

லூயி பிறெயில் 1809 ஜனவரி 4 ஆம் திகதி, பாரிஸ் நகருக்குக் கிழக்கே கூப்வ்ரே என்னும் கிராமத்திற் பிறந்தார். தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில், பட்டறையில் தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடுகையில் அது ஒரு கண்ணிற் குத்திவிட்டது. ஐந்து வயதாகும்போது மற்றக் கண்ணும் போயிற்று. காயம்பட்ட கண்ணைத் தொடர்ந்து நல்ல கண்ணும் அழற்சி காண்பது வைத்தியர்களாகிய நாங்கள் இன்றும் அஞ்சுவது. அன்று அதற்கு மருந்தே இல்லை.

பெற்றோர் பிள்ளையை வீட்டு மூலையில் இருத்தி வைக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள்; காதாற் கேட்டே படித்தார். 1819 இல், பத்து வயதில், பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்கான அரச கல்விக்கூடத்திற் சேர்ந்தார். அங்கே நூல்கள் இருந்தன. சாதாரண எழுத்தையே பெரிதாக்கிக் கடதாசியில் மேலெழும்ப அழுத்திய பாரமான நூல்கள். ஒவ்வோர் எழுத்தையும் சுற்றித் தடவி அறிய வேண்டும். வசனம் முடியுமுன் அதன் தொடக்கம் மறந்துவிடும். அந்த முறையில் பிள்ளைகள் தாமாக எழுதவும் வழியில்லை. அன்போடு செய்யப்பட்டவைதான். ஆனால், செய்தவர்களுக்குத் தங்கள் கண்ணுக்குப் பழகிய வடிவத்தை விட மனம் வரவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம்.

1821 இல் சார்ள்ஸ் பார்பியே என்னும் முன்னாள் படை அதிகாரி, ஒலிகளைப் பன்னிரண்டு புள்ளிகளாற் குறிக்கும் முறையொன்றை அங்கு அறிமுகஞ் செய்தார். பன்னிரண்டும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதை ஆறாக்கினார். 1824 இல், பதினைந்து வயதில், முறை உருவாகிவிட்டது. ஆறு புள்ளிகளில் 63 குறிகள். விரல் நுனி இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளியைப் பிரித்தறியும் என்று நாங்கள் மருத்துவக் கல்லூரியிற் படித்தோம். இன்றைய பிறெயிற் புள்ளிகளின் இடைவெளியும் ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர்தான். பையன் அதைத் தன் விரலிடமே கேட்டறிந்திருக்கிறான். புள்ளி குத்தும் கருவி நம் முன்னோரின் எழுத்தாணி போன்ற ஒரு கூராணி, அவர் கண்ணைப் பறித்த குத்தூசிக்கு இனமானது.

1829 இல் நூலாக வெளியிட்டார். இசைக்கும் அதே புள்ளிகளில் குறியீடு அமைத்தார். தேவாலயங்களில் ஓர்கன் வாசித்தார். படித்த இடத்திலேயே ஆசிரியரானார். ஆனால் அங்கேயே அவர் எழுத்து சில காலம் தடுக்கப்பட்டது. பிள்ளைகள் களவாக எழுதிப் பழகினார்கள். காசநோயால் 1852 ஜனவரி 6 இல், 43 வயதில் இறந்தார். கல்விக்கூடம் அவருடைய முறையை முறைப்படி ஏற்றது 1854 இல். நூறாண்டு கழித்து, 1952 இல், அவர் உடல் பாரிஸின் பாந்தியனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கைகளை மட்டும் கூப்வ்ரே தன்னிடமே வைத்துக்கொண்டது.

நம் நாட்டில் இரத்மலானையிற் பார்வையற்றோருக்கான பாடசாலை 1912 இலேயே தொடங்கிற்று. பிறெயிலில் நம் ‘அ’ ஒரேயொரு புள்ளி. ‘கொ’ எழுத முன்னும் பின்னும் குறி போட வேண்டியதில்லை. ககரம் முதலில், ஒகரம் அடுத்து. முதலாம் வகுப்பில் கொம்போடு மல்லுக்கட்டிய எங்களுக்கு இது பொறாமையாகவே இருக்கிறது.

படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வரும் நீரிழிவு நோயாளரிடம், இழந்த பார்வை இனித் திரும்பாது என்று சொல்லி, அத்தோடு அடுத்தவரைக் கூப்பிட்ட நாட்கள் எங்களுக்கு உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி, பெரிய எழுத்து நூல், ஒலிநூல், பிறெயில் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இரண்டு நிமிடம் போதும். இப்போது சொல்கிறோம்.

எங்களுக்கு ‘அ’ எழுதக் கைபிடித்த ரீச்சர்மாரிலும் மூத்த அக்காமாரிலும் சிலருக்கு இந்த மலரின் எழுத்து இனித் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் இதை நிதானமாக வாசித்து, கைத்தொலைபேசியிற் பதிந்து கொடுங்கள். பெயர்ப் பட்டியலையும் விடாமல் வாசியுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.