பாலுக்குக் காவல் தந்த பாஸ்டர்

பிரான்சு நாட்டின் டோல் என்னும் ஊரில் 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் பிறந்தவர் லூயி பாஸ்டர். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. நெப்போலியன் படையில் பணியாற்றித் திரும்பியவர். மகன் படித்து ஆசிரியராக வேண்டும் என்பது அவர் ஆசை. 1842இல் எழுதிய அறிவியல் தேர்வில் பாஸ்டருக்கு வேதியியலில் கிடைத்த மதிப்பீடு சுமார் என்பதுதான். செய்முறைத் தேர்வை எண்ணிக் கலங்கும் நம் வகுப்பு நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்!

1854இல் லீல் நகரில் அறிவியல் புலத் தலைவரானார். பீட்ரூட்டிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலையொன்றில் ஊறல் அடிக்கடி கெட்டுப்போகவே, அதன் உரிமையாளர் இவரை நாடினார். பேராசிரியர் நுண்ணோக்கியுடன் ஆலைக்கே சென்றார். பொருள்கள் புளிப்பது உயிரற்ற வேதி மாற்றமே என்று ஜெர்மானிய அறிஞர் லீபிக் உறுதியாகக் கூறிவந்த காலம் அது. பாலைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமிலத்தை ஆராய்ந்த பாஸ்டர், புளித்த கலவையின் அடியில் படியும் சாம்பல் நிறப் பொருளில் மிகச் சிறிய உயிர்களைக் கண்டார். அதில் சிறிதளவு எடுத்துப் புதிய சர்க்கரைக் கரைசலில் இட்டார், அதுவும் புளித்தது. இதை வெளியிட்ட ஆண்டு 1857. நம் தாய்மார்கள் அன்றாடம் பாலுக்கு உறைமோர் ஊற்றும் செயலுக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது எனலாம்.

திராட்சை மதுவைச் சுமார் 55 பாகை செல்சியசு வரை சூடேற்றினால் கெடாது என்று 1865இல் அவர் காட்டினார். அம்முறையைப் பாலுக்குப் பரிந்துரைத்தவர் அவரல்லர். 1886இல் ஜெர்மானியரான சாக்சிலெட். இன்று பால் பண்ணைகளில் 63 பாகையில் 30 நிமிடம் அல்லது 72 பாகையில் 15 விநாடி சூடேற்றி உடனே குளிர்விக்கிறார்கள். இதனால் நோய்க்கிருமிகள் மடிகின்றன. எல்லாக் கிருமிகளும் மடிவதில்லை. ஆகவே பாக்கெட் பாலும் குளிரில் இருந்தாக வேண்டும். சின்னசேலத்துச் சித்திரை வெயிலில் அதற்கு ஆயுள் சில மணி நேரமே.

புளிப்பு ஏறத் தொடங்கிய பால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும். ஐயம் வந்தால் ஒரு கரண்டிப் பாலைத் தனியே காய்ச்சிப் பார்ப்பது நல்லது. பழைய பாலில் புதுப் பாலைக் கலப்பது, தெரிந்தோ தெரியாமலோ உறை ஊற்றுவதே ஆகும். காய்ச்சிய பாலில் வேறொரு சூழ்ச்சி உண்டு. புளிக்கவைக்கும் கிருமிகள் சூட்டில் இறந்துவிட, விதை போன்ற கடினமான உறைக்குள் பதுங்கிய வேறு கிருமிகள் பிழைத்து எழுகின்றன. அப்பால் புளிக்காமலே கசந்து கெடும். புளிப்பு வாடை இல்லை என்பதால் குழந்தைக்குப் புகட்டிவிடக் கூடாது.

குழந்தைகளின் உயிர் பாஸ்டருக்கு ஏட்டுச் செய்தி அன்று. ஐந்து மக்களில் மூன்று பெண்களை 1859க்கும் 1866க்கும் இடையே பறிகொடுத்தவர் அவர். இருவரைக் கொண்டுபோனது டைபாய்டு. அசுத்தமான பாலின் வழியாகவும் பரவும் நோய் அது. 1868இல் பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்தது. அதன் பின்னரே வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டு, 1885இல் ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனைக் காத்தார்.

1895 செப்டம்பர் 28ஆம் நாள் மறைந்தார். 1907இல் நம் நீலகிரியின் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்து, நாய்க்கடிபட்ட தென்னாட்டு மக்களுக்கு மருந்து அளிக்கத் தொடங்கியது.