புள்ளிச் சிறகுக் கொசு

கொசுவும் ஈயினத்தைச் சார்ந்ததே. அக்கொசுக்களுள் ஒருவகையைப் பிரித்தறிந்து உலகிற்குப் பெரும் நன்மை செய்தவர் ரொனால்டு ராஸ். இவர் 1857ஆம் ஆண்டு இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

மலேரியா நோய்க்குக் கொசு காரணமாகுமா என்று அறிய விரும்பிய ராஸ், செகந்திராபாத்தில் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். வெப்பம் வாட்டியது. எனினும், அறுத்த கொசுக்கள் காற்றில் பறந்துவிடும் என்று விசிறியையும் விலக்கினார். ஈராண்டுகள் கழிந்தும் பயன் கிட்டவில்லை. அவர் ஆராய்ந்தவை எங்கும் மலிந்திருந்த சாம்பல்நிறக் கொசுக்களும் வரிக்கொசுக்களுமே.

1897 ஆகஸ்டில், உதவியாளர் கொணர்ந்த புழுக்களிலிருந்து புள்ளிச் சிறகுடைய அரிய கொசுக்கள் சில வெளிவந்தன. ராஸ் அவற்றை நோயாளி ஒருவரைக் கடிக்கச் செய்தார். ஆகஸ்டு 20ஆம் நாள், எஞ்சியிருந்தவற்றுள் ஒன்றன் இரைப்பைச் சுவரில் நோய்க்கிருமி வளர்வதைக் கண்டார். அக்கொசுவே அனாபிலிஸ். மலேரியா ஆய்விற்காக 1902இல் அவர் நோபல் பரிசு பெற்றார், 1932இல் மறைந்தார்.

சுவரில் அமரும்போது பெரும்பாலான கொசுக்கள் உடலைச் சுவருக்கு இணையாக வைத்திருக்கும். அனாபிலிஸ் கொசுவோ வயிற்றின் நுனியை உயர்த்திச் சாய்வாக அமரும். ஒன்றுபோல் தோன்றுபவற்றின் வேறுபாட்டைக் கூர்ந்து நோக்குவதே அறிவியலின் தொடக்கமாகும்.