காரணம் கேட்ட கைதி ஏ.கே.கோபாலன்

இந்திய அரசியலமைப்புச் சட்டம் நடப்புக்கு வந்து ஐந்து வாரம்கூட நிறையவில்லை. 1950 மார்ச் 1ஆம் தேதி, சென்னை மாநில அரசின் காவலில் இருந்த ஒரு கைதியிடம் புதிய ஆணை ஒன்று கொடுக்கப்பட்டது. அப்போதுதான் நிறைவேற்றப்பட்ட தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் அவரைத் தொடர்ந்து அடைத்து வைக்க அந்த ஆணை வழி செய்தது. அந்தக் கைதிதான் ஏ.கே.கோபாலன். மலையாள மக்கள் இன்றும் அவரை ஏ.கே.ஜி. என்றே அன்போடு அழைக்கிறார்கள்.

கோபாலன் 1904 அக்டோபர் 1ஆம் தேதி வட மலபாரில், கண்ணூர் வட்டாரத்தில் பிறந்தவர். அப்போது மலபார், சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அதனால் அவர் வாழ்க்கையில் கண்ணூர் சிறை எவ்வளவு இடம் பிடித்ததோ, அதே அளவுக்கு வேலூர், கடலூர் சிறைகளும் இடம் பிடித்தன.

அவர் முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது வேலையை உதறிவிட்டுப் போராட்டத்தில் குதித்தார். அதுவே அவருக்கு முதல் சிறை. அடுத்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் குருவாயூர் கோயில் கதவு திறக்க வேண்டும் என்று நடந்த போராட்டத்தில் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கினார். அங்கே கடுமையாக அடிபட்டார். 1936இல் வேலையில்லாதவர்களின் பசியை ஆட்சியாளருக்கு உணர்த்த, மலபாரிலிருந்து சென்னைக்கு ஒரு பட்டினிப் பயணத்தை நடத்திச் சென்றார். பின்னர் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார்.

போர்க்காலத்தில் வேலூர் சிறையில் அடைக்கப்பட்ட அவர், 1941இல் தோழர்களோடு சுவரைத் துளைத்துத் தப்பினார். அதன் பிறகு பல ஆண்டுகள் தலைமறைவு வாழ்க்கை.

1947 ஆகஸ்டில் நாடே சுதந்திரத்தைக் கொண்டாடியது. வெள்ளையனை எதிர்த்து வேலையைத் துறந்த கோபாலனோ அப்போது கண்ணூர் சிறைக்குள் இருந்தார். சில வாரங்கள் கழித்துத்தான் விடுதலை கிடைத்தது. அந்த விடுதலையும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் பிடிபட்டார். அவர் மீது வழக்குகள் போடப்பட்டன, தண்டனைகளும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அந்தத் தண்டனைகள் ரத்தாகியும் சிறைக் கதவு திறக்கவில்லை. ஓர் ஆணை முடிந்தால் இன்னோர் ஆணை வந்தது. குற்றம் நிரூபிக்கப்படாமலேயே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

தடுப்புக் காவலின் தன்மையே இதுதான். சாதாரண வழக்கில், ஒருவர் செய்த செயலுக்காக நீதிமன்றம் தண்டிக்கிறது. தடுப்புக் காவலில், ஒருவர் இனிமேல் ஏதாவது செய்துவிடக்கூடும் என்று அரசு நினைத்தாலே போதும். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம்.

1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு கொடுமையும் இருந்தது. அதன் 14ஆவது பிரிவின்படி, தன்னை அடைத்ததற்காக அரசு சொன்ன காரணத்தைக் கைதி நீதிமன்றத்தில்கூட வெளியிட முடியாது. வெளியிட்டால் அதுவே குற்றம். காரணம் என்னவென்று தெரியாமல் நீதிபதி எப்படி நியாயம் வழங்குவார்?

கோபாலன் கடலூர் சிறையில் இருந்தபடியே நேராக உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு போட்டார். அரசு ஒருவரைப் பிடித்து வைத்திருந்தால், எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறாய் என்று நீதிமன்றம் கேட்க வைக்கும் மனு அது. அவருக்காக வழக்கறிஞர் எம்.கே.நம்பியார் வாதாடினார். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டால் மட்டும் போதுமா, அந்தச் சட்டம் நியாயமானதாகவும் இருக்க வேண்டாமா என்பதே வழக்கின் சாரம்.

1950 மே 19ஆம் தேதி ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். முறையாக நிறைவேற்றப்பட்ட சட்டம் என்றால் அதுவே போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயாது என்பது பெரும்பான்மையினரின் முடிவு. கோபாலனின் மனு தள்ளுபடியானது. நீதிபதி பசல் அலி மட்டும், சட்டத்தின் நடைமுறையில் நியாயமும் இருந்தாக வேண்டும் என்ற கருத்தைத் தனித்து நின்று விரிவாக எழுதி வைத்தார்.

ஆனாலும் கோபாலன் வெறுங்கையோடு திரும்பவில்லை. 14ஆவது பிரிவு செல்லாது என்பதில் ஆறு நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். அன்று முதல், தன்னை ஏன் அடைத்தார்கள் என்பதை நீதிபதி முன் எடுத்துச் சொல்லும் உரிமை கைதிக்குக் கிடைத்தது. வழக்குப் போட்டவர் உள்ளேயே இருந்தார். பயன் மற்றக் கைதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

1951இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சிறையில் பூட்டப்பட்டவர் முதல் மக்களவையின் முக்கிய எதிர்க்கட்சித் தலைவராக எழுந்து நின்றார். தொடர்ந்து ஐந்து முறை வென்றார். வேலை இழந்த காப்பிக்கடைத் தொழிலாளர்கள் கூட்டுறவு முறையில் இந்தியன் காபி ஹவுஸ் கடைகளை நடத்த வழிகாட்டினார். 1961இல், மலைநிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட விவசாயிகளுக்காக அமராவதியில் உண்ணாவிரதம் இருந்தார்.

1975இல் இந்தியாவில் அவசரநிலை வந்தது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். உடல் தளர்ந்திருந்த கோபாலன் நாடாளுமன்றத்தில் எழுந்து அதைக் கண்டித்தார். மறு ஆண்டு, அவசரநிலைக் காலத்தில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவசரநிலை 1977 மார்ச் 21ஆம் தேதி நீக்கப்பட்டது. அதற்கு மறுநாள் கோபாலன் காலமானார்.

அவர் தோற்ற வழக்கு அவரோடு முடியவில்லை. 1978 ஜனவரியில், மேனகா காந்தி வழக்கில், சுதந்திரத்தைப் பறிக்கும் எந்த நடைமுறையும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 28 ஆண்டுகளுக்கு முன் கோபாலன் கேட்டதும் அதைத்தான். இன்னும் பத்து மாதம் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பை அவர் தம் காதாலேயே கேட்டிருப்பார்.

நமக்கு இது அயல்நாட்டுக் கதை அல்ல. விசாரணையின்றி அடைத்து வைக்க வழி செய்த இசா சட்டம் மலேசியாவில் 1960 முதல் 2012 வரை நடப்பில் இருந்தது. கமுந்திங் முகாமின் பெயரைக் கேட்டாலே கலங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சிங்கப்பூரில் அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. மலேசியாவில் அதற்குப் பதிலாக வந்த சொஸ்மா சட்டத்தின் கீழ் ஒருவரை 28 நாள் வரை காவலில் வைக்கலாம்.

அதே வேளையில், நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 5ஆவது விதியை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கைதானவருக்குக் காரணம் விரைவில் சொல்லப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச அவருக்கு உரிமை உண்டு. சாதாரணக் கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவல் சட்டவிரோதமானது என்று புகார் வந்தால் உயர் நீதிமன்றம் அதை விசாரித்தாக வேண்டும்.

நம் பிள்ளை ஒருவன் லோக்காப்புக்குப் போய்விட்டான் என்றால், வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்குவதே நம்மில் பலருக்குப் பழக்கம். முதலில் கேட்க வேண்டியது காரணம். அடுத்துத் தேட வேண்டியது வழக்கறிஞர். கடலூர் சிறையிலிருந்து ஒரு தனி மனிதர் கேட்ட கேள்வி ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது. காவல் நிலைய வாசலில் அதே கேள்வியைக் கேட்க நாமும் தயங்கக் கூடாது.