பிறவிக் குற்றவாளி என்று ஒருவர் உண்டா? லாம்ப்ரோசோ செய்த தவறும் அதன் நீண்ட நிழலும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கிப் போனால் வருகிற ஊர் காலாப்பட்டு. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியும் இங்கேதான், மத்திய சிறையும் இங்கேதான். சட்டம் படிக்கிறவர்களும் சட்டத்தை மீறியதாக உள்ளே இருப்பவர்களும் ஒரே ஊரில். ஒரு மனிதர் ஏன் குற்றம் செய்கிறார் என்ற கேள்வி இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது.

அந்தக் கேள்வியையே பாடமாக்கிப் படிப்பதுதான் குற்றவியல். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறைகள் உள்ளன. எங்கே முதுகலை சேர்ந்தாலும் தொடக்கப் பாடங்களிலேயே ஒரு பெயர் வந்துவிடும்: செசாரே லாம்ப்ரோசோ. நவீன குற்றவியலின் தந்தை என்று பலர் அவரைச் சொல்வார்கள். ஆனா, அவர் சொன்ன முக்கியமான விஷயமே தப்பு. அப்புறம் ஏன் இன்னும் அவரைப் படிக்கிறார்கள்?

யார் இந்த லாம்ப்ரோசோ?

1835 நவம்பர் 6 அன்று, அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த இத்தாலிய நகரமான வெரோனாவில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் படித்து, 1859-ல் ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார். சிப்பாய்களின் உடலை அளந்து குறித்துவைக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. பிறகு மனநல மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். 1876-ல் டூரின் பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஆனார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மண்டை ஓடு. தெற்கு இத்தாலியின் கலாப்ரியா பகுதியைச் சேர்ந்த வில்லெல்லா என்ற ஏழை, திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவர். அவருடைய மண்டை ஓட்டின் பின்புறம் உள்பக்கத்தில் ஒரு சிறு குழியை லாம்ப்ரோசோ பார்த்தார். சில விலங்குகளிடம் காணப்படும் குழி அது. உடனே ஒரு முடிவுக்கு வந்தார். குற்றவாளி என்பவர் பரிணாமத்தில் பின்தங்கி, ஆதி மனிதனின் குணத்தோடு பிறந்தவர். பெரிய தாடை, அகன்ற காது, நீண்ட கை என்று உடம்பிலேயே அதற்கு அடையாளம் இருக்கும். 1876-ல் வெளியான குற்றவாளி மனிதன் என்ற அவருடைய நூல் இதைத்தான் பேசியது. பிறவிக் குற்றவாளி என்ற எண்ணம் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

எங்கே தவறினார்?

சிறையில் இருப்பவர்களை அளந்தார், சரி. வெளியே இருப்பவர்களை அதே கவனத்தோடு அளந்து ஒப்பிட்டாரா என்றால், இல்லை. சிறைக்குள் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஏழைகள். பட்டினியும் நோயும் உடம்பில் விட்ட தடத்தை அவர் குற்றத்தின் முத்திரையாகப் படித்துவிட்டார். யூதர்கள் மீதான வெறுப்பைக் கண்டித்து நூல் எழுதியவர்தான் அவர். ஆனால், தெற்கு இத்தாலிய ஏழைகள் விஷயத்தில் பிறப்பை வைத்தே தீர்ப்பு சொன்னார்.

எதிர்ப்பு பிரான்ஸிலிருந்து வந்தது. 1885-ல் ரோமில் நடந்த முதல் குற்ற மானுடவியல் மாநாட்டிலேயே, லியோன் நகரப் பேராசிரியர் அலெக்சாந்தர் லக்காசாஞ் எழுந்து மறுத்தார். கிருமி வளர அதற்கேற்ற சூழல் வேண்டும், குற்றமும் அப்படித்தான் என்பது அவர் வாதம். 1913-ல் ஆங்கிலேய சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளின் அளவுகளைப் பிறருடைய அளவுகளோடு ஒப்பிட்டு ஆய்வை வெளியிட்டார். குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு கிடையாது என்று அதில் தெரிந்தது.

லாம்ப்ரோசோவும் கொஞ்சம் இறங்கி வந்தார். பின்னாள் பதிப்புகளில் வறுமை, குடி, கல்வி ஆகியவற்றுக்கும் இடம் கொடுத்தார். பிறவிக் குற்றவாளிகளின் பங்கை மூன்றில் ஒன்று அளவுக்குக் குறைத்துக்கொண்டார். ஆனால், அப்படி ஒரு வகை உண்டு என்பதைக் கடைசிவரை விடவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பிரிட்டிஷ் இந்தியாவின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-லேயே வந்துவிட்டது. அதாவது, லாம்ப்ரோசோவின் நூலுக்கு ஐந்து ஆண்டு முன்பு. ஆகவே, அது அவரால் வந்த சட்டம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருந்த நம்பிக்கை ஒன்றுதான்: குற்றம் பிறப்போடு வருவது. 1911-ல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட பல சமூகங்களில் எந்தத் தவறும் செய்யாதவர்கள்கூட கைரேகை கொடுக்க வேண்டியிருந்தது. வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி வட்டாரத்தின் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில், மாயாக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் பலியானதை அந்த ஊர் இன்றும் நினைவுகூர்கிறது. 1947-ல் சென்னை மாகாணத்திலும், 1952-ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்கியது. அந்தச் சமூகங்கள் இன்று சீர்மரபினர் என்று அழைக்கப்படுகின்றன.

லாம்ப்ரோசோவுக்குப் பிறகு

1909 அக்டோபர் 19 அன்று டூரினில் லாம்ப்ரோசோ இறந்தார். தன் உடலை ஆய்வுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்களின் எலும்பை எடைபோட்டவரின் எலும்புக்கூடு, டூரினில் அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வில்லெல்லாவின் மண்டை ஓட்டைத் திருப்பித் தரச் சொல்லி அவருடைய சொந்த ஊர் நிர்வாகம் நீதிமன்றம் போனது. 2012-ல் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும், மேல்முறையீட்டில் அருங்காட்சியகமே வென்றது.

குற்றச் செயலை மட்டும் பார்த்துத் தண்டனையை எடைபோட்ட காலத்தில், செய்தவரையும் ஆராய வேண்டும் என்று சொன்னது லாம்ப்ரோசோவின் பங்களிப்பு. அதனால்தான் அவர் பாடத்தில் இருக்கிறார். ஆராயாமலேயே முடிவுகட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே உதாரணம்.

அந்தப் பாடம் பழங்கதையாகிவிடவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சாதி பார்த்துக் கைதிகளுக்கு வேலை பிரிக்கும் சிறை விதிகளை ரத்து செய்தது. சிறைப் பதிவேடுகளில் சாதி என்ற கட்டமே இருக்கக் கூடாது என்றது. சீர்மரபினரைப் பிறவியிலேயே குற்றப் பழக்கம் உள்ளவர்களாகக் காட்டும் விதிகளையும் நிராகரித்தது. குற்றப்பரம்பரைச் சட்டம் போய் 72 ஆண்டுகள் ஆன பிறகும் அதன் மிச்சம் சிறைக் கையேடுகளில் இருந்திருக்கிறது. குற்றவியல் படித்துவிட்டு நாளைக்குச் சிறை அதிகாரியாகவோ நன்னடத்தை அலுவலராகவோ போகிறவர் கையில்தான் அந்தப் பதிவேடு இருக்கும்.