குழந்தையிடம் பாடம் கேட்ட அன்னை

1940-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 31. சென்னை அடையாறில் உள்ள பிரம்மஞான சபையின் தோட்ட வளாகத்தில் தங்கியிருந்த ஒரு மூதாட்டிக்கு அன்று எழுபது வயது நிறைந்தது. உலகமெங்கும் பெயர் பெற்ற கல்வியாளர் அவர். எனினும் அந்த வளாகத்தை விட்டு வெளியே செல்ல அப்போது அவருக்கு அனுமதி இல்லை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராக இறங்கியிருந்தது. ஆகவே, இத்தாலியரான அவர் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டார். அவருடன் இந்தியா வந்த மாரியோ என்பவரை அகமத்நகர் முகாமில் காவலில் வைத்திருந்தனர்.

அந்தப் பிறந்தநாளையொட்டி வைஸ்ராய் லின்லித்கோவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக அதில் கண்டிருந்தது. விடுதலை என்ற செய்தி இனித்தது. அதைவிட, 'மகன்' என்ற சொல் அந்த மூதாட்டியின் உள்ளத்தை எவ்வளவு ஆழமாகத் தொட்டிருக்கும்! நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் உலகின் முன் வெளிப்படையாகச் சொல்லாத சொல் அது.

அந்த அன்னைதான் மரியா மாண்டிசோரி.

மருத்துவரான மங்கை

இத்தாலியில் அன்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில் 1870-இல் மரியா பிறந்தார். தந்தை அலெஸ்ஸாண்ட்ரோ அரசு ஊழியர். தாய் ரெனில்டே கல்வியில் பற்று மிக்கவர். பெண்களுக்கு ஆசிரியப் பணி ஒன்றே பொருந்தும் என்று எண்ணப்பட்ட அந்தக் காலத்தில் மரியா மருத்துவம் பயில விரும்பினார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. தாய் துணை நின்றார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து உடற்கூறு பயில்வது பெண்ணுக்கு முறையன்று எனக் கருதப்பட்டதால், மற்றவர்கள் சென்றபின் தனியே இருந்து அந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டியிருந்தது. 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் அவரும் ஒருவர்.

பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் பணியாற்றியபோது, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை மரியா கண்டார். கையில் எடுத்துப் பார்க்கவோ விளையாடவோ ஒரு பொருளும் இன்றி, வெறும் அறையில் அவர்கள் அடைபட்டிருந்தனர். இவர்களுக்குத் தேவை மருந்து மட்டுமன்று, கல்வியும்தான் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகான் ஆகியோரின் நூல்களை ஆழ்ந்து கற்றார். அவர்கள் வகுத்த முறைகளை வளர்த்துத் தம் குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்தார். அவர்களுள் சிலர், மற்றப் பிள்ளைகளுக்கு வைக்கும் பொதுத் தேர்விலேயே தேறினர். ஊரார் வியந்து பாராட்டினர். மரியாவின் சிந்தனையோ வேறு திசையில் சென்றது. குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு தூரம் உயர முடியுமானால், நல்ல ஆற்றலுடன் பிறந்த குழந்தைகளைப் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கின்றன என்று அவர் கேட்டுக்கொண்டார்.

மறைத்து வைத்த தாய்மை

அந்த ஆண்டுகளிலேயே அவர் வாழ்வில் பெரிய வேதனையும் நுழைந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் மொன்டெசானோவுடன் ஏற்பட்ட அன்பின் பயனாக, 1898 மார்ச் 31 அன்று அவருக்கு ஒரு மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. மணமாகாத தாய் என்பது வெளிப்பட்டால் மருத்துவப் பணியும் பொதுவாழ்வும் அன்றே முடிந்துவிடும் என்ற நிலை. குழந்தையை நாட்டுப்புறத்திலிருந்த ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார். 1901-இல் மொன்டெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மரியா, அவருடன் சேர்ந்து நடத்திவந்த பள்ளியை விட்டு விலகினார். தத்துவம், மானிடவியல் ஆகிய துறைகளில் மீண்டும் மாணவியாகச் சேர்ந்தார்.

அவ்வப்போது நாட்டுப்புறம் சென்று மகனைக் காண்பார். வந்து போகும் அம்மையார் யாரென்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. பிறர் பிள்ளைகளின் உள்ளத்தைத் திறக்கும் வழியை உலகுக்குக் காட்டியவர், தம் பிள்ளையின் மழலைப் பருவத்தை உடனிருந்து காணவில்லை. அவர் வரலாற்றைப் படிப்போர் இந்த இடத்தைத் தாண்டிச் செல்லக் கூடாது. பெருமக்களின் வாழ்விலும் ஆறாத புண்கள் உண்டு; அவற்றை மூடி மறைத்தால் அவர்களின் பணி எந்த வேரிலிருந்து எழுந்தது என்பது நமக்குப் புரியாமல் போகும்.

1912 டிசம்பரில் மரியாவின் தாய் காலமானார். அதன்பின், ஏறக்குறைய பதினைந்து வயதில் மாரியோ அன்னையிடம் வந்து சேர்ந்தான். வெளியுலகிற்கு அவன் உறவுக்காரப் பையன், அல்லது வளர்ப்பு மகன். அன்று தொடங்கி அன்னையின் இறுதிநாள் வரை மாரியோ அவருக்கு உற்ற துணையாக நின்றார்.

சேரியில் பிறந்த பள்ளி

1907 ஜனவரி 6 அன்று, ரோம் நகரின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த சிறுவர் சிறுமியர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே சேர்ந்தனர். மரியா அவர்களுக்குத் தாம் வடிவமைத்த கருவிகளைக் கொடுத்தார். பிறகு அமைதியாக இருந்து உற்றுநோக்கினார்.

ஒருநாள் ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, பல அளவுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தியதும் எடுத்துவிட்டு மறுபடியும் பொருத்தினாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார் மரியா. சிறுமி திரும்பிப் பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அவள் தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கும் மேல் செய்து முடித்தபின் தானாகவே நிறுத்தினாள். களைப்பு சிறிதும் இல்லை. நன்றாக உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் புன்னகைத்தாள்.

மன ஒருமைப்பாடு பெரியவர்களுக்கு நீண்ட பயிற்சியால் கைகூடுவது. குழந்தைக்கு அது இயல்பாகவே அமைந்திருக்கிறது. அதைக் கலைக்காமல் இருப்பதே ஆசிரியரின் முதற்கடமை. மரியாவின் கல்விமுறை முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியின் விரிவுரை எனலாம். ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்குச் சிந்தாமல் நீர் ஊற்றுதல், மேசையைத் துடைத்தல், பூக்களை அடுக்குதல், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி அறிதல் போன்றவை அங்கே பாடங்களாயின. பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை.

சில ஆண்டுகளில் இந்த முறை உலகெங்கும் பரவியது. புகழுடன் சோதனையும் வந்தது. 1924 முதல் இத்தாலியில் முசோலினியின் அரசு மாண்டிசோரி பள்ளிகளை ஆதரித்தது. மரியாவும் அந்த ஆதரவை ஏற்றார். ஆனால் சுதந்திரமாக வளரும் குழந்தையும், கட்டளைக்குத் தலையாட்டும் குடிமகனை விரும்பும் ஆட்சியும் எத்தனை காலம் ஒன்றாக இருக்க முடியும்? 1934-இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார், பள்ளிகள் மூடப்பட்டன. நீண்ட காலம் தங்கியிருந்த பார்சிலோனாவையும் 1936-இல் மூண்ட உள்நாட்டுப் போரால் விட்டு நீங்கி, ஹாலந்தில் அடைக்கலம் புகுந்தார்.

இந்தியா அழைத்தது

அவர் பெயர் இந்தியாவுக்குப் புதிதன்று. 1920-லேயே குஜராத்தின் பவநகரில் கிஜுபாய் பதேகா, அவர் முறையைத் தழுவிப் பாலர் பள்ளி தொடங்கியிருந்தார். 1931-இல் லண்டனில் மாண்டிசோரியின் ஆசிரியர் பயிற்சி நிலையத்திற்கு காந்தியடிகள் வருகை தந்தார். உலக அமைதிக்கான பணி குழந்தைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பதில் இருவர் கருத்தும் ஒன்றாக இருந்தது.

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939-இன் இறுதியில் மரியாவும் மாரியோவும் சென்னை வந்தனர். அடையாறில் கீற்றுக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் ஏறக்குறைய முந்நூறு பேர் கலந்துகொண்டனர். மரியா இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். தம்மை மகன் என்று அழைத்துக்கொள்ள இயலாதவரின் வாய்மொழியாகவே அந்தத் தாயின் கருத்துகள் இந்தியர்களின் செவியை எட்டின.

சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களைப் போர் தடுத்து நிறுத்தியது. 1940 மே மாதத்தில் ஜெர்மனி ஹாலந்தைக் கைப்பற்றியது. மாரியோவின் நான்கு பிள்ளைகளும் அங்கே நண்பர் குடும்பம் ஒன்றின் பொறுப்பில் இருந்தனர். அடுத்த மாதமே மாரியோ முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிள்ளைகளிடமிருந்து தந்தையும், மகனிடமிருந்து தாயும் பிரிந்தனர். பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த விடுதலையின் அருமை இப்போது நமக்குப் புரிகிறது.

மலைமேல் ஒரு பள்ளி

சென்னையின் கடும் வெயில் அந்த முதிய வயதில் தாங்கக் கூடியதாக இல்லை. மலைப்பகுதிக்குச் செல்ல ஆட்சியாளர் அனுமதித்தனர். 1942-இல் மரியா கொடைக்கானல் சேர்ந்தார். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் பழனி மலைமீது அமைந்த ஊர் அது. மேற்கே அந்த மலைகள், இன்று இடுக்கி மாவட்டத்தில் உள்ள மூணாறு, சித்திரபுரம் மலைகளை நோக்கித் தொடர்ந்து செல்கின்றன. கோடை தணியத் தங்கப்போன இடத்திலேயே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார்.

அங்கே ஒரு சிறு பள்ளி உருவாயிற்று. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அம்மையார் உடனிருந்து உதவினார். மழலைகளும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் ஒன்றாகவே பயின்றனர். பெரிய பிள்ளைகள் செய்வதைச் சிறியவர்கள் எட்டி நின்று பார்ப்பர். சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பெரியவர்களின் அறிவு தெளிவு பெறும். மலைச்சரிவே வகுப்பறை ஆயிற்று. இலைகளின் வடிவங்கள், செடிகள், பூச்சிகள், நீர்வாழ் உயிர்கள் ஆகியவற்றைத் தேடிக் கொணர்ந்து உற்றுநோக்குவதே படிப்பு. மாரியோவின் கைத்திறனில் புதிய கருவிகளும் வரைபடங்களும் பிறந்தன.

ஒரு செடியைத் தனியாகப் படிக்க முடியாது. மண், நீர், கதிரவன், பூச்சி, மனிதன் எல்லாம் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. பேரண்டம் முழுவதும் ஒரே குடும்பம் என்ற உணர்வைக் குழந்தைக்கு அளித்துவிட்டால், மற்றப் பாடங்கள் அதிலிருந்து கிளைத்து வரும். பேரண்டக் கல்வி என்னும் இந்தக் கருத்து கொடைக்கானலில்தான் செழித்து வளர்ந்தது. உலகம் குண்டுகளால் சிதறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், கட்டுப்பாட்டில் வைக்கப்பட்ட ஒரு தாயும் மகனும் உலகின் ஒருமையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள்!

மற்றொன்றையும் அவர் இந்தியாவில் கண்டார். இங்குள்ள தாய்மார் கைக்குழந்தையைத் தனியே கிடத்தாமல், இடுப்பில் சுமந்து சந்தைக்கும் வயலுக்கும் கொண்டு செல்வர். தாயின் பேச்சையும் ஊரின் ஓசையையும் குழந்தை ஒவ்வொரு கணமும் உள்வாங்குகிறது. பிறந்த நாள் முதல் மூன்று ஆண்டுகள் வரையிலான பருவத்தின் பெருமையை இந்த ஆண்டுகளில் அவர் ஆழ்ந்து சிந்தித்தார். அச்சிந்தனைகள் அடங்கிய 'உள்வாங்கும் மனம்' என்ற அவருடைய நூல் 1949-இல் அடையாறிலிருந்தே வெளிவந்தது. தம் மகனின் அந்த மூன்று ஆண்டுகளைத் தவறவிட்ட தாய் எழுதிய நூல் அது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

நிறைவு

போர் முடிந்து 1946-இல் இருவரும் ஐரோப்பா திரும்பினர். ஏழாண்டுப் பிரிவுக்குப் பின் பேரப்பிள்ளைகளைக் கண்டார் மரியா. விட்டுச் சென்ற சிறுவர்கள் வளர்ந்து நின்றனர். மறு ஆண்டு மீண்டும் இந்தியா வந்து பயிற்சி வகுப்புகளைத் தொடர்ந்தார். இந்திய ஆண்டுகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர்.

1952 மே 6 அன்று, ஹாலந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் அவர் காலமானார். எண்பத்தொரு வயதிலும் ஆப்பிரிக்கா சென்று பணியாற்றுவது பற்றி அன்றும் மாரியோவிடம் பேசிக்கொண்டிருந்தார். தம் உயிலில் மாரியோவை மகன் என்றே அவர் குறிப்பிட்டிருந்தார். அன்னையின் பணியை மாரியோ 1982-இல் தாம் மறையும் வரை தொடர்ந்தார்.

சேரிக் குழந்தைகளிடம் பிறந்த இந்தக் கல்விமுறை, இன்று பல இடங்களில் வசதி படைத்தோர்க்கு மட்டும் எட்டும் பொருளாகிவிட்டது. மாண்டிசோரி என்ற பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ள எவருக்கும் தடையில்லை. ஆனால் அவர் வாழ்ந்து காட்டியதைப் பின்பற்றப் பணமோ பலகையோ தேவையில்லை. கோடை விடுமுறையில் ஒரு குழந்தை எறும்பு வரிசையைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தால், அதைக் கூப்பிட்டுக் கலைக்காமல் சற்றே தள்ளி நின்று பாருங்கள். மாண்டிசோரி அம்மையார் பாடம் கேட்டது அந்தக் குழந்தையிடம்தான்.